பாதுகாக்கப்படும்

அந்தப் படிவம் இரண்டு பக்கம். சிங்களத்தில் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு ஒரு பொலிஸ் சார்ஜன்ட் அதை என் அறைக்குக் கொண்டுவந்தார். பிற்பகல் மூன்று மணிக்குத் தமிழில் வேண்டும் என்றார். நான் இரண்டு ஐம்பதுக்கு முடித்துக் கொடுத்தேன். இந்த நேரங்களை நினைவிலிருந்து சொல்லவில்லை. என் குறிப்புப் புத்தகத்தில் இருக்கின்றன.

நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளன். கண்டி நகரில், நீதிமன்றத்துக்கு நடந்து போகும் தூரத்தில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் என் அறை. ஒரு மேசை, மூன்று கதிரை, ஓர் அலுமாரி. அலுமாரியில் வருடத்துக்கு ஒன்றாகக் கோடு போட்ட புத்தகங்கள். இடப்பக்கத்தில் அன்றைய நாள்: யார் வந்தார், என்ன கொண்டுவந்தார், எப்போது கொடுத்தேன், வீட்டில் என்ன நடந்தது, மழை பெய்ததா. வலப்பக்கத்தில் சந்தேகச் சொற்கள்: மூலத்தில் என்ன, தமிழில் என்னென்ன தெரிவுகள், எதை எடுத்தேன், ஏன். என் மனைவி இவற்றைச் சித்திரகுப்தன் ஏடு என்பாள். அவள் சொல்வதில் கேலி பாதிதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமையின் வலப்பக்கத்தில் ஒரே ஒரு சொல் இருக்கிறது. படிவத்தின் ஏழாவது பந்தியில் வந்த சிங்கள வினை, ‘ரந்தவா கன்னவா’. ஒரு பொருளை எடுத்தவர் தம்மிடமே வைத்துக்கொள்வதற்கும் அந்தச் சொல், ஓர் ஆளைத் தடுத்து வைப்பதற்கும் அந்தச் சொல். உங்கள் வாயின் உட்புறத்திலிருந்து பஞ்சுக் குச்சியால் எடுக்கப்படும் மாதிரியும், அதிலிருந்து பெறப்படும் மரபணு விவரமும் இப்படிச் செய்யப்படும் என்று அந்தப் பந்தி சொன்னது. எவ்வளவு காலத்துக்கு என்று சொல்லவில்லை.

மூன்று தெரிவுகளை எழுதியிருக்கிறேன். ‘தடுத்து வைக்கப்படும்’: இந்த இடத்துக்குப் பிழை. நம்மவர்களுக்கு அந்தச் சொல்லில் வேறு நினைவுகளும் உண்டு. ‘தக்கவைக்கப்படும்’: சரி, ஆனால் தோட்டத்தில் விளங்காது. ‘பாதுகாக்கப்படும்’: விளங்கும், மரியாதையாகவும் இருக்கிறது. மூன்றாவதன் கீழே கோடு இழுத்து, பக்கத்தில் ‘சனம் பயப்படக் கூடாது’ என்று காரணம் எழுதியிருக்கிறேன். பத்தொன்பது வருடத் தொழிலில் சரியான சொல் கையில் இருக்க, இதமான சொல்லை நான் எடுத்தது எனக்குத் தெரிந்து அந்த ஒரு முறைதான்.

அந்தச் சனம் என் சனம். படிவம் புசல்லாவைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துக்கானது. நான் பிறந்த தோட்டம். என் அண்ணன் இன்னமும் அங்கேதான் இருக்கிறார். தோட்டத்துத் தொழிற்சாலையில் காவலாளியாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரை, தொழிற்சாலைக்குக் கீழே இறங்கும் பாதையில் யாரோ அடித்துக் கொன்றிருந்தார்கள். அவருடைய நகக்கண்ணில் வேறொருவரின் தோல் இருந்தது. ஆய்வுகூடம் அதிலிருந்து ஓர் ஆணின் மரபணு விவரத்தை எடுத்துவிட்டது. அது யாருடையது என்று வைத்துப் பார்க்கப் பட்டியல் ஒன்றும் இருக்கவில்லை. ஆகவே மூன்று லயங்களில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், உள்ள ஆண்களிடம், பதினெட்டு வயதிலிருந்து அறுபது வயதுவரை, மாதிரி வாங்குவது என்று முடிவாயிற்று. கட்டாயம் இல்லை, விரும்பினால் மட்டும். ‘விரும்பினால்’ என்பதை மொழிபெயர்க்க எனக்குச் சிரமம் இருக்கவில்லை. ஊரில் ஒருவரைக் கொன்றிருக்கும்போது, மேசை போட்டுப் பொலிஸ் உட்கார்ந்திருக்கும்போது, விரும்பாமல் இருப்பது எப்படி என்பதற்குத்தான் படிவத்தில் பந்தி இல்லை.

வெள்ளிக்கிழமை என்னையும் வரச்சொன்னார்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டவும், படிவம் நிரப்பவும். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க ஆட்கள் கூடும் பிரட்டுக்களத்தில் கூடாரம் அடித்திருந்தார்கள். மெல்லிய தூறல். நான் ஏழாவது பந்தியையும் சேர்த்து முழுவதையும் சத்தமாக வாசித்தேன்.

“நம்ம குடிக்கிற கோப்பையத் தனியா வச்சிருந்தவங்க” என்றார் முன்வரிசையில் நின்ற ஒரு கங்காணி. “இப்ப நம்ம எச்சியக் கொண்டுபோயி ஐஸ் பொட்டியில வைக்கப்போறாங்களாம்.”

“நம்ம எச்சிக்காவது ஏசி ரூம் கெடைக்குதே” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கூடாரம் முழுவதும் சிரித்தது. பொலிஸ்காரர்களும் எதற்கென்று தெரியாமல் சிரித்தார்கள்.

அந்தக் கங்காணி சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து என்னிடம் கேட்டார். “தம்பி, பாதுகாக்கப்படும்னு போட்டிருக்கீங்களே. கண்டவங்களும் எடுத்துப் பார்க்க மாட்டாங்கதான?”

“பத்திரமா இருக்கும் மாமா” என்றேன்.

படிவம் அப்படிச் சொல்லவில்லை. என் தமிழ்தான் அப்படிச் சொன்னது. அந்தத் தமிழை வைத்துக்கொண்டு நானும் சொன்னேன்.

யாரும் முதலில் வர விரும்பவில்லை. என் அண்ணன்தான் எழுந்தார். அப்போது அவருக்கு ஐம்பத்தேழு வயது. “எழுதுனதும் என் தம்பி, படிச்சதும் என் தம்பி. என்னா பயம், வாங்கப்பா” என்று மேசைக்கு வந்தார். அவர் பின்னால் வரிசை சேர்ந்தது. அவருக்கு அடுத்ததாக அவர் மகன் நின்றான். இருபத்துநான்கு வயது, புசல்லாவையில் ஆட்டோ ஓட்டுகிறான். ஆட்டோவை ரோட்டில் விட்டுவிட்டு வந்திருந்ததால் அவசரம்.

நான் அண்ணனுடைய படிவத்தை நிரப்பினேன். நான்காவது கட்டத்தில் ஒரு கேள்வி: இதே இடத்தில் மாதிரி கொடுக்கும் நெருங்கிய இரத்த உறவினர் யாராவது உண்டா, உண்டென்றால் உறவுமுறை என்ன. அண்ணன் குனிந்து, “தம்பி, இது அந்தக் காவக்காரர் விசயத்துக்கு மட்டுந்தான?” என்று கேட்டார். “ஆமாண்ணே” என்றேன். கேட்ட பிறகும் அவர் நிமிரவில்லை. பேனாவுக்குக் காத்திருக்கிறார் என்று நினைத்தேன். நான்காவது கட்டத்தில் ‘மகன்’ என்று எழுதி, பேனாவை அவரிடம் நீட்டினேன். கையெழுத்துப் போட்டார்.

அடுத்து மகனுடைய படிவம். நான்காவது கட்டத்தில் ‘தந்தை’ என்று எழுதினேன். அவன் வாயைத் திறப்பதற்கு முன் குச்சி வைத்திருந்த அதிகாரியிடம் சிங்களத்தில், “அப்பாவுக்கு எடுத்த குச்சியிலேயே எனக்கும் எடுங்க, ரெண்டும் ஒண்ணுதான், பஞ்சு மிச்சம்” என்றான். அந்த அதிகாரிக்கு அது பிடித்துப்போயிற்று. அன்று எழுபத்து மூன்று பேர் கொடுத்தார்கள். நான்கு பத்துக்குக் கண்டி பஸ் ஏறினேன்.

பஸ் கம்பளையைத் தாண்டும்போது எனக்கு நினைவு வந்தது. அவன் அண்ணனுடைய மகன் இல்லை.

இதைத் தெரிந்தே எழுதினேன் என்று யாரும் சொல்ல முடியாது. மறந்துவிட்டேன் என்பதும் சரியான சொல் அல்ல. இருபத்துநான்கு வருடமாக நாங்கள் எல்லோரும் சொல்லி வந்தது, சொல்லிச் சொல்லி உண்மையாகவே ஆகிவிட்டிருந்தது. அண்ணியின் தங்கைக்குக் கலியாணம் ஆகுமுன் பிறந்த பிள்ளை அவன். தகப்பன் யார் என்று அவள் கடைசிவரை சொல்லவில்லை. அடித்தும் பார்த்தார்கள், சொல்லவில்லை. பிள்ளை பிறந்து நான்கு மாதத்தில் அவள் வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். திரும்பி வந்து வேறு ஊரில் கலியாணம் முடித்து, வேறு பிள்ளைகளோடு இருக்கிறாள். இவன் அவளைச் சின்னம்மா என்கிறான். அண்ணனுக்கும் அண்ணிக்கும் அதுவரை பிள்ளை இல்லை, பிறகும் இல்லை. அவர்கள் பெயரிலேயே பிறப்பைப் பதிந்தார்கள். வீட்டில் எழுத்துத் தெரிந்தவன் நான்தான். பதிவுப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். கீழே கையெழுத்து அண்ணனுடையது. மேலே உள்ள எழுத்தெல்லாம் என்னுடையது.

ஆக ஒரே பொய்யை ஒரே கையெழுத்தில் இரண்டு முறை அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டாவது முறை, அது பொய் என்று சொல்லக்கூடிய சான்றையும் கூடவே கவரில் போட்டு ஒட்டியிருக்கிறேன்.

மறுநாள் காலை அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“அண்ணே, நேத்து அந்த நாலாவது கட்டத்துல...”

“தெரியும்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே.”

“எப்புடிச் சொல்றது? முன்னால பொலிஸ்காரன். முதுகுக்குப் பின்னால புள்ள. நீ பாட்டுக்கு எழுதிட்ட.” பிறகு, “பத்திரமா இருக்கும்னுதான சொன்ன. இருக்கட்டும்” என்று வைத்துவிட்டார்.

அன்று அலுமாரியிலிருந்து அவன் பிறந்த வருடத்துப் புத்தகத்தை எடுத்தேன். அந்த வயதிலேயே எனக்கு இந்தப் பழக்கம் இருந்தது. அதிலாவது உள்ளதை எழுதியிருப்பேன் என்று நம்பினேன். இடப்பக்கத்தில் மூன்று வரிகள்: ‘அண்ணனுக்கு ஆண் குழந்தை. பதிவுப் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். பகலெல்லாம் மழை.’ எனக்கு நானே எழுதிக்கொண்டதிலும் அதே பொய். பிறப்பத்தாட்சிப் பத்திரம், பள்ளிக்கூடப் பதிவு, அடையாள அட்டை, என் புத்தகம், எல்லாவற்றிலும் ஒரே வாக்கியம். உண்மை ஒரே ஓர் இடத்தில் இருந்தது. அங்கே கொண்டுபோய் வைத்தது நான்.

ஏழு வாரத்தில் கொலையாளியைப் பிடித்தார்கள். தோட்டத்து ஆள் இல்லை. விறகு ஏற்ற வந்த ஒரு லொறியின் உதவியாள். எழுபத்து மூன்று பேரின் மாதிரியைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எவ்வளவு காலம் வைத்திருக்கலாம், எப்போது அழிக்கவேண்டும், வேறு வழக்குக்கு எடுத்துப் பார்க்கலாமா என்று சட்டப் புத்தகங்களில் தேடினேன். நான் தேடிய இடங்களில் தெளிவாக எதுவும் இல்லை. ஏழாவது பந்திதான் இருந்தது. அதன் தமிழ் என்னுடையது.

ஒரு வருடத்துக்கும் மேலாக அந்தப் பேச்சே இல்லை. நானும் அதை அங்கேயே விட்டுவிடலாம் என்று நினைக்கத் தொடங்கியிருந்தேன். பிறகு அவன் என் அறைக்கு வந்தான். கதிரையில் உட்காராமல் நின்றபடியே சொன்னான்.

“சித்தப்பா, எனக்கு அதத் திருப்பி வாங்கணும்.”

“எத?”

“என் எச்சிய.”

பிரட்டுக்களத்தில் அன்று நின்ற ஒரு கொன்ஸ்டபிள், புசல்லாவை வீதியில் வண்டிகளை நிறுத்திச் சோதிக்கும் இடத்தில் அடிக்கடி நிற்பாராம். இவனுடைய ஆட்டோவைக் கண்டால் நிறுத்துவாராம். கெட்டவர் இல்லை, பகிடிக்காரர். லைசன்ஸைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும்போது சிங்களத்தில் தம்பி என்று கூப்பிட்டு, ஒவ்வொரு தடவையும் அதே வாக்கியம்: ‘மல்லி, உன் எச்சில் எங்களிடம் இருக்கிறது, கவனமாக ஓட்டு.’

“மொதல்ல நானும் சிரிச்சேன். பொறகு ஒருநா வெள்ளக்காரங்க ரெண்டு பேர் பின்னால இருக்காங்க, அவங்க முன்னாலயும் சொல்றாரு. அவங்க என்னா சொல்றார்னு கேக்குறாங்க. நான் என்னான்னு சொல்ல? கேஸ்தான் முடிஞ்சிருச்சே, ஆள் உள்ள போயிட்டான். நான் எதுக்கு இன்னும் அங்க?”

அழிக்கச் சொல்லி ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும்படி கேட்டான். அவன் கேட்டது நியாயம். அதை எழுத எனக்கு இருபது நிமிடம் போதும். ஒரு வாரம் ஆகும் என்றேன்.

என் அறைக்கு இரண்டு கட்டடம் தள்ளி ஒரு சட்டத்தரணியின் கந்தோர். கட்டுகஸ்தோட்டைக்காரர், முஸ்லிம் பெண்மணி, என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். அவருடைய தமிழ் ஆவணங்கள் என்னிடம்தான் வரும். ஒரு கட்சிக்காரருக்காகக் கேட்பதுபோல் கேட்டேன்.

“அழிக்கச் சொல்லிக் கேக்கலாம், அதுக்கு யாரும் தடை இல்ல” என்றார். “ஆனா கேட்டா பைல எடுப்பாங்க. எதெல்லாம் ஈக்கிண்டு பட்டியல் போட்டு, கேட்ட ஆளுக்கு ஒரு கொப்பி குடுக்கச் சொல்லி நாங்களே கேப்போம். அது அவர்ட உரிமை.”

“அதில் என்ன இருக்கும்?”

“படிவம், மாதிரி இலக்கம், ஆய்வுகூடக் குறிப்பு. படிவத்தில எழுதின உறவு பொருந்தல்லண்டா சில நேரம் அதையும் குறிச்சி வச்சிருப்பாங்க. இல்லாமலும் ஈக்கும். பாக்காம சொல்லேலா.”

“பார்க்காமலே அழிக்கச் சொல்ல முடியாதா?”

“எத அழிக்கிறண்டு சொல்லாம எப்பிடி அழிக்கிற?” மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அந்தப் படிவத்த நிரப்பினது யார்ட கையெழுத்து?”

பிறப்புப் பதிவில் பொய்த் தகவல் கொடுப்பது குற்றம் என்ற வாசகத்தை அவருக்காகவே பலமுறை மொழிபெயர்த்திருக்கிறேன்.

“தேத்தண்ணி ஆறுது” என்றார். “குடிங்க.”

அன்றைய இடப்பக்கத்தில் இதை வரிசையாக எழுதிப் பார்த்தேன். விண்ணப்பம் கொடுக்காவிட்டால் அவனுடைய மாதிரி அங்கே இருக்கும். என்றைக்காவது யாராவது பார்ப்பார்கள். கொடுத்தால் இன்றைக்கே பார்ப்பார்கள், முதலில் பார்ப்பவன் அவனாக இருப்பான். குறிப்பு இருக்கிறதா என்று அறிய ஒரே வழி திறப்பது. திறந்த பிறகு அறிந்து பயனில்லை. எழுதி முடித்தபோது நான்கு வாக்கியங்கள்தான் இருந்தன. எந்த வாக்கியத்திலிருந்தும் வெளியே போக வழி இல்லை.

அதே மாதத்தில் கொழும்பிலிருந்து ஒரு குழு ஒரு சட்ட வரைவின் தமிழைச் சரிபார்க்கக் கேட்டு அனுப்பியது. மரபணு விவரங்களுக்கு நாடு முழுவதற்கும் ஒரு தரவுத்தளம் அமைப்பது பற்றிய வரைவு. யாரிடம் மாதிரி எடுக்கலாம், யார் பார்க்கலாம், எத்தனை வருடம் வைத்திருக்கலாம், குற்றமற்றவருடையதை எப்போது அழிக்கவேண்டும் என்றெல்லாம் நான் தேடியது அதில் இருந்தது. வாசிக்க நிம்மதியாக இருந்தது. பின்பகுதியில் ஒரு வாசகம் வந்தது: இந்தச் சட்டம் வருமுன் சம்மதத்தோடு பெறப்பட்ட மாதிரிகளும் இந்தச் சட்டத்தின்கீழ் பெறப்பட்டவையாகவே கொள்ளப்படும், அவற்றை நீக்க விரும்புபவர் விண்ணப்பிக்க வேண்டும். பிரட்டுக்களம் அதற்குள் வந்துவிட்டது. ‘ரந்தவா’வும் வந்தது. இந்த முறை ‘தக்கவைக்கப்படும்’ என்று போட்டேன். பதினான்கு இடத்தில்.

ஓரக்குறிப்பு ஒன்றும் எழுதினேன். முன்பு பயன்படுத்திய தமிழ்ப் படிவத்தில் வேறு சொல் இருந்தது என்றும், கையெழுத்துப் போட்டவர்கள் அதை வேறு பொருளில் விளங்கிக்கொண்டார்கள் என்றும், அவர்களிடம் மறுபடி சம்மதம் கேட்கவேண்டும் என்றும். எழுதி முடித்து வாசித்தபோது குழு என்ன கேட்கும் என்பது தெரிந்தது. எந்தப் படிவம், எந்தத் தோட்டம், யாருக்கு இதனால் பாதிப்பு. குறிப்பை அழித்தேன். எழுபத்திரண்டு பேருக்குச் சொல்லவேண்டியதை ஒருவனுக்காக அழித்தேன். அதை அன்றைக்கே எழுதி வைத்திருக்கிறேன்.

வரைவின் கடைசி வாசகம் எல்லாச் சட்டங்களின் முடிவிலும் வருவது: சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் இடையே ஒவ்வாமை இருந்தால் சிங்கள உரையே மேலோங்கும். எத்தனையோ தடவை யோசிக்காமல் தட்டச்சு செய்த வாசகம். என் சொல் சரியோ பிழையோ, அது எந்தக் காலத்திலும் கணக்கில் இருக்கவில்லை. பிரட்டுக்களத்தில் நின்றவர்களுக்கு மட்டும்தான் அது கணக்கு.

நான்காவது வாரம் அண்ணன் கண் காட்டப் பேராதனை ஆஸ்பத்திரிக்கு வந்தார். வாங்குப் பலகையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் மூடியபடியே பேசினார்.

“எழுதிறாத தம்பி.”

“அவன் கேட்டுக்கிட்டே இருக்கான்.”

“கேக்கட்டும். நாளக் கடத்து. நீ நாளக் கடத்தாத ஆளுதான், என்னா செய்ய, இப்பப் பழகிக்க.”

“நீங்களே சொல்லிருங்கண்ணே. நீங்க சொன்னா அவன் தாங்குவான்.”

“ஒங்க அண்ணி இருந்தா சொல்லியிருப்பா.” அண்ணி இறந்து அப்போது ஐந்து வருடம். “நான் சொன்னா அடுத்த கேள்வி என்னா? அப்ப எங்கப்பா யாருன்னு கேப்பான். ஒனக்குத் தெரியுமா?”

“இல்ல.”

“எனக்கும் தெரியாது. பாதிக் கதைய எப்புடிச் சொல்றது?” எங்கள் இலக்கத்தைக் கூப்பிடுகிறார்களா என்று காதைக் கொடுத்துக் கேட்டார். இல்லை. “அன்னைக்கு அந்த வரிசையில நின்னவங்கள்ல ஒருத்தனா இருந்தா? அதுவும் அங்க தெரியுமா தம்பி?”

“தேடிப் பார்த்தா தெரியும்.”

“அப்ப எனக்குத் தெரியாதது அந்தப் பொட்டிக்குத் தெரியும்” என்றார். எங்கள் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். கையைப் பிடித்து அழைத்துப் போனேன். என் கையை வழக்கத்தைவிட இறுக்கமாகப் பிடித்திருந்தார்; கண் தெரியாததால் இருக்கலாம்.

நான் நாளைக் கடத்தினேன். முதல் வாரம் நீதிமன்ற விடுமுறை என்றேன். அடுத்த வாரம் முகவரி சரிபார்க்கவேண்டும் என்றேன். பிறகு புதுச் சட்டம் வருகிறது, வரட்டும் என்றேன். ஒவ்வொன்றும் தன்னளவில் உண்மை. ஒவ்வொன்றையும் சொன்ன திகதியோடு எழுதி வைத்தேன், இரண்டாம் முறை அதையே சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. அம்பிட்டியவில் என் வீட்டுக்கு ஏறும் பாதையில் ஆட்டோச் சத்தம் கேட்டால் நின்றுவிடுவேன். மனைவி, “ஏன் மூச்சு வாங்குது, டொக்டர்கிட்டக் காட்டுங்க” என்றாள். மேட்டுப் பாதை என்றேன். அதுவும் உண்மை.

ஏழாவது வாரம் திங்கட்கிழமை காலை ஒன்பது பத்துக்கு அவன் அறைக்கு வந்தான். இந்த முறை கதிரையில் உட்கார்ந்தான்.

“சித்தப்பா, ஒரு கடதாசிக்கு ஏழு வாரமா?”

“வேலை கூடிப்போச்சு.”

“நான் அஞ்சாம் ஆண்டு படிக்கிறப்ப ஒங்ககிட்ட ஒரு கடிதம் கேட்டேன். ஸ்கூலுக்கு. ஒங்களுக்கு அன்னைக்குக் காய்ச்சல். போர்வையப் போத்திக்கிட்டு எழுதித் தந்தீங்க.” மேசைமேல் இருந்த காகிதப் பாரத்தை எடுத்து உருட்டினான். “நீங்க ஒருநாளும் பிந்துன ஆள் இல்ல. அதனாலதான் கேக்குறேன். அந்த பைல்ல என்னா இருக்கு?”

ஒன்றுமில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. உண்மையும் வரவில்லை. அது என்னுடையது அல்ல, அண்ணனுடையது என்று நினைத்தேன். அல்லது இவனுடையதா என்றும் நினைத்தேன். கீழே மருந்துக்கடையில் யாரோ இரும்புக் கதவைத் தூக்கும் சத்தம் கேட்டது.

“அப்பாவுக்குத் தெரியுமா?” என்றான்.

“என்னது?”

“எதுவோ.”

நான் மேசையைப் பார்த்தேன். அவன் காகிதப் பாரத்தை இருந்த இடத்திலேயே, நான் வைக்கும் விதமாகவே, மேசை ஓரத்துக்குச் சரியாக வைத்தான். மேசையில் ஏழு வாரமாக விரித்து வைத்திருந்த வெற்றுத்தாளின் தலைப்பில் அவன் பெயரும் முகவரியும் மட்டும் என் கையெழுத்தில் இருந்தன. அதை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

“வேணாம் சித்தப்பா. எழுத வேணாம். அங்கயே இருக்கட்டும்.”

“ஏன்?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“ஞாயித்துக்கெழம அம்மாவோட திவசம். நானே வந்து ஒங்களக் கூட்டிட்டுப் போறேன். பஸ்ஸுல வராதீங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

ஞாயிற்றுக்கிழமை சொன்ன நேரத்துக்கு வந்தான். பேராதனை, கம்பளை தாண்டி மேலே ஏறினோம். வழியில் பெட்ரோல் விலை, கூட்டிச்செல்லும் சுற்றுலாக்காரர்கள், புதிதாகப் போட்ட சீற் கவர், இவற்றைப் பற்றிப் பேசினான். புசல்லாவைக்குச் சற்று முன்னால் ஒரு வளைவில் கை காட்டி நிறுத்தினார்கள். நடுத்தர வயதுக் கொன்ஸ்டபிள், நல்ல முகம். லைசன்ஸை வாங்கி, பார்த்து, திருப்பிக் கொடுத்தார். பின்னால் குனிந்து என்னைப் பார்த்து அடையாளம் கண்டு தலையசைத்தார். அன்று மேசைக்குப் பின்னால் என்னோடு தேநீர் குடித்தவர்.

“மல்லி, உன் எச்சில் எங்களிடம் இருக்கிறது” என்றார் சிங்களத்தில். “கவனமாக ஓட்டு.”

அவன் சிரித்தான். வழக்கமான சிரிப்பா, எனக்குத் தெரியாது. “பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், சேர்” என்று சிங்களத்திலேயே சொன்னான். கொன்ஸ்டபிளுக்கு இந்தப் புதுப் பதில் பிடித்தது. உரக்கச் சிரித்து, ஆட்டோவின் கூரையில் தட்டிப் போகச் சொன்னார்.

கண்ணாடியில் அவன் கண்கள் தெரிந்தன, ரோட்டைத்தான் பார்த்தன. கடைத்தெரு வந்ததும் வேகத்தைக் குறைத்தான்.

“கொஞ்சம் நிப்பாட்டுறேன் சித்தப்பா. அப்பாவுக்கு வெத்தல வாங்கணும்.”

இறங்கிப் போய், கட்டைப் பிரித்து, வாடிய இலைகளைக் கழித்துப் பார்த்து வாங்கி வந்தான். திவசம் நன்றாக நடந்தது. அண்ணனும் அவனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மாலையில் என்னைக் கொண்டுவந்து விட்டான்.

அன்றைய இடப்பக்கத்தில் இதெல்லாம் நேரத்தோடு இருக்கிறது. வலப்பக்கத்தில் ‘அப்பாவுக்கு’ என்று எழுதியிருக்கிறேன். அதன் கீழே தெரிவுகளுக்காக மூன்று கோடு இழுத்து வைத்தேன். இன்னமும் அவை அப்படியே இருக்கின்றன. விண்ணப்பம் யாரும் கொடுக்கவில்லை.